பஸ்ஸில் படித்த இங்கிலீஷ்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தையல் போடுகிறேன். போன மாதம் வரை இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஷூவோடு வரும் இங்கிலீஷ் சீட்டைக் கையில் கொடுத்தால், படித்த மாதிரி தலையாட்டிவிடுவேன்.

செக்கிங் வேலைக்குப் போக வேண்டுமென்றால் அந்தச் சீட்டைப் படித்தே ஆகணும். அதனால் ஒரு மாதமாகக் கம்பெனி பஸ்ஸில், எழுத்து சொல்லித்தரும் வீடியோவைப் போனில் சத்தமாக வைத்துப் பார்க்கிறேன்.

"இன்னா செல்விக்கா, எல்கேஜி சேந்துட்டியா?" என்றாள் பக்கத்து சீட்டு மேரி.

"ஆமாண்டி, உனக்கும் எடம் புடிச்சி வெச்சிகீறேன். நீ மட்டும் இன்னா கலெக்டருக்கா படிச்ச?"

இப்போது பாதி பஸ் சேர்ந்து ஒப்பிக்கிறது. டிரைவர் அண்ணன் உட்பட.

இன்று சோதனை. சூப்பர்வைசர் நீட்டிய சீட்டில் 'பிளாக்', 'லெஃப்ட்' இரண்டையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன்.

"பரவால்லியேக்கா! இப்பவே செக்கிங் டேபிள்ல ஒக்காரு."

முதலில் வந்த ஷூவின் உள்பக்கத் தோலில், மார்க் போடும் சில்வர் பேனாவால் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

"இன்னா எழுதிகீது, படி" என்றார்.

தடுமாறாமல் படித்தேன். "செல்வி."

நேற்று சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் துண்டு என்று நினைத்து நான் என் பேரை எழுதிப் பழகிய தோல்.

ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த ஷூவை எடுத்தேன். அதிலும் செல்விதான்.