கோட்டை வாசலின் இடது தூண்

மலைமேல் இருக்கும் இடிந்த கோட்டையில் அவன் பதினொரு வருடமாகக் கொத்தனார். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான். அங்கே வேலை செய்பவர்கள் அவனை "உள்பக்கம்" என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான், அதற்குக் காரணமும் அவனேதான்.

பழைய சுவரைக் கழற்றும்போது ஒவ்வொரு கல்லின் தலையிலும் சாயத்தால் எண் போட வேண்டும். எண்ணோடு ஓர் அம்புக்குறியும் போட வேண்டும். அம்பு காட்டுவது வெளிப்பக்கம். முன்வருடம் கிணற்றங்கரை ஜன்னலைக் கழற்றியபோது அவன் சுவருக்கு உள்ளே நின்றுகொண்டு, தனக்கு எதிரே இருந்ததையே வெளிப்பக்கம் என்று எடுத்துக்கொண்டான். திரும்ப அடுக்கியபோது ஆறு கல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் யானைக்கு யாரும் பட்டப்பெயர் வைப்பதில்லை.

இந்த வருடம் பெரிய வாசலின் இடது தூண். பதினான்கு கல். சாய்ந்திருந்ததால் கழற்றினார்கள். தூண் முழுவதும் கெட்டியான சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால், கழற்றுமுன் எடுத்த போட்டோவில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கற்களை முற்றத்தில் இறக்கி, நாலு பக்கமும் பூச்சைக் கழுவினார்கள். அப்புறம் மழைக்காலம் வந்தது. பழைய இன்ஜினியர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார்.

மழை விட்டு அடுக்கத் தொடங்கிய அன்று காலையில்தான் சிக்கல். பதினான்கில் ஒன்பது கற்களுக்கு ஒரு முகம் சிவந்திருந்தது. நெருப்பில் வெந்த கல் அப்படித்தான் சிவக்கும். அவன் போட்ட அம்புப்படி அடுக்கினால் அந்தச் சிவப்பு சுவருக்குள்ளே போய்விடும்.

இன்ஜினியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அடிவாரத்துல பலகை பாத்திருக்கீங்களா? எதிரிங்க வாசலுக்கு நெருப்பு வெச்சாங்க, கோட்டை எரிஞ்சுது, அன்னையிலிருந்து யாருமே குடியிருக்கலைன்னு எழுதியிருக்கு. நெருப்பு வெளியில இருந்து வந்தா சிவப்பு எங்க இருக்கணும்?"

"வெளியிலதான் சார் இருக்கணும். ஆனா அம்பு சரியாத்தான் போட்டேன்."

"போன வருஷமும் சரியாத்தான் போட்டீங்களாம்."

சாரத்தின் மேலிருந்து சுண்ணாம்பு குழைப்பவர் குரல் கொடுத்தார். "உள்பக்கம் மறுபடி உள்ளே பூந்துட்டாருப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல சிவப்பு வெளியே தெரியற மாதிரி அடுக்கறோம். நீங்க இனிமே எண் போட வேண்டாம், கல்லு தூக்கற பக்கம் போங்க," என்றார் இன்ஜினியர். கெட்ட மனிதர் அல்ல. பழைய ஜன்னல் கதையைக் கேட்டே உஷாராகிவிட்டவர்.

சாயங்காலம் அவன் அக்கா வீட்டுச் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சத்தியமா எனக்கே தெரியல. வெளியில நின்னுதான் போட்டேன்னு நெனைக்கிறேன். எல்லாரும் இல்லைங்கறப்ப, இல்லையோன்னு தோணுது."

"நீ நெனைக்கிறத விடுடா. கல்லு என்ன சொல்லுது?"

"கல்லு வாயத் தொறந்து பேசுமா?"

"உனக்கு அதுதானே வேலை? பேச வை, போ."

மறுநாள் வேலை தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே அவன் மலை ஏறிவிட்டான். தூணுக்குப் பக்கத்தில் கழற்றாமல் விட்ட சுவர் நின்றது. கல்லுக்குக் கல் இரும்புக் கவ்வி போட்டுப் பிணைப்பது பழைய வழக்கம். பாதிக் குழி ஒரு கல்லில், பாதிக் குழி அடுத்த கல்லில். இந்தச் சுவரில் அப்படி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் மெல்லிய உளியை எடுத்துக்கொண்டு சுவரின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகச் சுரண்டினான். நாலாவது வரிசையில் உளி பொசுக்கென்று இறங்கியது. கல்லின் நிறத்துக்கே மாறிப்போன சுண்ணாம்பு. தோண்டினால் பாதிக் குழி, அடியில் துருப்பிடித்த இரும்புத் துண்டு.

முற்றத்துக்கு ஓடி நாலாம் எண் கல்லைச் சுரண்டினான். அதிலும் பாதிக் குழி இருந்தது.

இன்ஜினியர் வந்ததும் அவரை நாலாம் கல்லிடம் கூட்டிப்போனான். "ஒரே ஒரு கல்லு சார், ரெண்டு மாதிரியும் வெச்சுப் பாத்துடலாம்," என்றான். முதலில் அவர் சொன்னபடி சிவப்பை வெளியே வைத்து, கல்லைக் கப்பியில் தொங்கவிட்டு அதன் வரிசைக்கு நேரே இறக்கினார்கள். கல்லின் குழி வாசல் பக்கம் போய் வெறுங்காற்றைப் பார்த்தது. பிறகு திருப்பி, அம்புப்படி இறக்கினார்கள். இரண்டு பாதிக் குழியும் ஒட்டி ஒரு குழியானது.

இன்ஜினியர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "இன்னொண்ணு," என்றார். ஏழாவதும் பொருந்தியது. பதினொன்றும் பொருந்தியது.

"அப்ப பலகை?" என்று கேட்டார் சுண்ணாம்புக்காரர்.

அவன்தான் பதில் சொன்னான். "எரிஞ்சது நெஜம். ஆனா யாரோ திரும்பி வந்திருக்காங்க. வெந்த கல்லையே திருப்பிப் போட்டு, நல்ல முகம் வெளியே தெரியற மாதிரி கட்டி, கவ்வி அடிச்சு, மேலே பூசியிருக்காங்க. விட்டுட்டுப் போறவன் பூச்சு வேலை பாப்பானா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மூன்றாம் நாள் ஓர் ஆராய்ச்சியாளர் அம்மா வந்து, ஒன்பது கல்லையும் அளந்து, பூச்சில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். தீக்குப் பிறகு இரண்டு தலைமுறையாவது அங்கே ஆள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிய அறிக்கையில், "தள ஊழியர் ஒருவரின் கவனிப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஊழியர் இவன்தான். பெயர் போடவில்லை, அதனால் இங்கே சொல்லி வைப்பது நல்லது.

தூண் ஒன்பது நாளில் எழுந்தது. சிவப்பு முகம் ஒன்பதும் சுவருக்குள் போய்விட்டன. இனி யார் கண்ணிலும் படாது. கடைசிக் கல் உட்கார்ந்த அன்று இன்ஜினியர் சாய டப்பாவையும் தூரிகையையும் அவன் கையில் கொடுத்தார்.

"வலது தூணையும் கழட்டணும். எண் நீங்களே போடுங்க."

"எங்க நின்னு போடட்டும் சார்?"

"உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, அவன் ஏறுவதற்காக அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.