ஒயர் இல்லாத மவுஸும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு மவுஸுக்கு உடம்பு சரியில்லை.

கம்ப்யூட்டர் மவுஸைத்தான் சொல்கிறேன். அதுவும் சாதாரண மவுஸ் இல்லை — ஒயர் இல்லாதது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் பெருமையாக வாங்கி வந்து மாட்டியது. கையில் பிடித்து நகர்த்துகிற மவுஸ் தனி. சோப்புக்கட்டி அளவில் மேஜைமேல் ஒரு டப்பி தனி. மவுஸ் சொல்வதை டப்பி காற்றிலேயே கேட்டு, தன் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுமாம். ஒயர் இல்லாத மவுஸுக்கு எதற்கு ஒயர் என்று கேட்கத் தோன்றியது. வழக்கம்போல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து அது சண்டித்தனம் செய்தது. மருமகள் வசந்தி மவுஸை நகர்த்தினால், திரையில் அம்பு நின்று யோசிக்கும். பிறகு ஒரே தாவலாகத் தாவி, வேண்டாத இடத்தில் போய் உட்காரும்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம். ஆனால் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பெங்களூரில் டெஸ்ட். கம்ப்யூட்டரில் மிஷின் பாகங்களை வரைகிற வேலை. டிப்ளமா முடித்து, கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்கூடம் போகிறவரை காத்திருந்தவளுக்கு வந்த முதல் அழைப்புக் கடிதம் அது. இரண்டு மணி நேரத்தில் ஒரு படம் முடிக்க வேண்டும். வீட்டில் ஒரு தடவைகூட அவள் அந்த நேரத்துக்குள் முடித்ததில்லை. திங்கட்கிழமை ஒருநாள்தான் பாக்கி.

"மாமா, ராபர்ட்சன்பேட்டை பஜாருக்குப் போயி சாதா மவுஸ் ஒண்ணு வாங்கியாந்துடட்டுமா?" என்றாள் அன்று காலையில்.

என் வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே... எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர்.

"இன்னாம்மா பேசற? ஃபால்ட்டு இன்னான்னு தெரியாம பார்ட்ட மாத்தறதா? ஆள எறக்கற கேஜ் நின்னுபோச்சுன்னா, கடைக்குப் போயி வேற கேஜா வாங்கியாந்தோம்?"

அவ்வளவுதான். ஃபால்ட் கண்டுபிடிக்க, பக்கத்து வீட்டுத் தேவராஜ் வந்து சேர்ந்தார். அதே சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். கையில் டெஸ்ட் லாம்ப்.

"பேட்டரி?"

"புதுசு போட்டாச்சு அங்கிள்."

"டப்பி மேல இன்னா துணி போத்திக்கீது?"

"அத்தை தெச்சது அங்கிள், தூசிக்கு. துணி ஒண்ணும் பண்ணாது."

"செரி செரி, அது லேடீஸ் டிபார்ட்மென்ட்டு." துணியைத் தொடவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் சரியான கேள்வி கேட்டார். "என்னிக்கு ஆரம்பிச்சது? அன்னிக்கு யாரு இன்னா மாத்துனது?"

"வெள்ளிக்கிழமை மாமா. யாரும் ஒண்ணும் மாத்தல."

சமையலறையில் என் கரண்டி நின்றது.

வெள்ளிக்கிழமை காற்று அடித்ததே! எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பொடிமண் இங்கே மலை மலையாகக் கொட்டிக் கிடக்கிறது. சயனைடு மேடு என்போம். ஆடி பிறந்தால் அந்த மேடு எழுந்து வீட்டுக்குள் வரும். சோற்றில், தலையணையில், டிவி மேல்... மூடி வைக்காத பொருள் என்று இந்த ஊரில் ஒன்றும் கிடையாது. அன்றைக்குத் துணியையும் தாண்டிப் பொடி போயிருந்தது. துடைத்துவிட்டு, ஒரு தகர பிஸ்கட் டப்பாவை அந்த டப்பிமேல் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் போர்த்தினேன். விலை உயர்ந்த சாமான் ஆயிற்றே!

மூடுவது எப்படி மாற்றுவது ஆகும்? என் கணக்கில் ஆகாது. ஆனாலும் அடுப்பைத் தணித்துவிட்டு, சமையலறை வாசல்வரை வந்து நின்றேன்.

போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். தேவராஜிடம் இத்தனை வருஷத்தில் நான் பேசியது "காபி" என்கிற ஒரே சொல். அவர் போகட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

போனார். எப்படிப் போனார் தெரியுமா? "மிஷின்ல கைய வெக்கறதுக்கு முன்னாடி கரண்ட கட் பண்ணணும்" என்று வீட்டு ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சுரங்கத்து வழக்கம் அது. தெரியாமல் யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது அல்லவா? கம்ப்யூட்டரைத் திறந்து, ஊதி, மூடினார். "எர்த்து செரியில்ல. சாப்ட்டு வந்து பாக்கறேன்" என்று கிளம்பினார். ஃபியூஸும் கூடவே சாப்பிடப் போயிற்று.

வீட்டுக்காரர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். வசந்தி இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்த மாதிரி இருந்தது. வேர்வை இல்லை. மணி ஒன்றரை.

"வசந்தி... டப்பி மேல பிஸ்கட் டப்பாவக் கவுத்து வெச்சது நாந்தான். வெள்ளிக்கெழம."

"தகர டப்பாவா அத்தை?"

"ஆமா."

"அய்யோ அத்தை! தகரத்துக்குள்ள சிக்னல் எப்பிடிப் போவும்? மூணு நாளா ஏன் சொல்லல?"

"யாரும் என்னியக் கேக்கலியே."

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அவளால் படம் வரைய முடியுமா? டப்பாவை எடுத்தாயிற்று. கரண்ட்டுக்கு எங்கே போவது? வீட்டுக்காரரை எழுப்பினோம்.

"யாரு ஃபியூஸப் புடுங்கினாங்களோ அவங்கதான் போடணும். ரூல்ஸு" என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அந்த ரூல்ஸால் எத்தனையோ பேர் உயிரோடு மேலே வந்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேச முடியாது. செருப்பைக்கூடப் போடாமல் தேவராஜ் வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் சோற்றுக் கையோடு வந்து நின்றார்.

"இன்னாங்க... ஃபியூஸ் வேணும். தப்பு என்னுது. தகர டப்பாவக் கவுத்து வெச்சிட்டேன். எடுத்தாச்சு. அவ வரையணும்."

"அண்ணி! உங்களுக்குப் பேச்சு வருமா?" என்றார். முகம் சுட்டது. ஆனால் கை கழுவிக்கொண்டு உடனே வந்தார்.

ஃபியூஸ் மாட்டினார். வசந்தி மவுஸைத் தொட்டாள். அம்பு யோசிக்கவே இல்லை... சொன்ன இடத்துக்கு ஓடியது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"பாத்தீங்களாண்ணே? கரண்ட கட் பண்ணி ரெஸ்ட்டு குடுத்தேன். செட்டாயிடுச்சு!" என்றார் தேவராஜ்.

"எர்த்துதாம்பா அது" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு நிமிஷம் முன்னால்தான் ஒருத்தி குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆனால் பிஸ்கட் டப்பாவெல்லாம் ஒரு ஃபால்ட்டா? நான் காபி போடப் போனேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் வசந்தி இரண்டு தடவை வரைந்து பார்த்தாள். இரண்டாவது தடவை, நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை டெஸ்டில் கொடுத்தது ஒயர் வைத்த மவுஸாம்! படத்தை நேரத்தோடு முடித்தாளாம். பிறகு பெரிய அதிகாரி ஒரு கேள்வி கேட்டாராம்: "நேத்து வரைக்கும் ஓடின மிஷின் இன்னிக்கு ஓடலை. முதல்ல என்ன செய்வீங்க?"

"அதைத் தெனமும் துடைக்கிறவங்களைக் கேட்பேன் சார்" என்றாளாம் இவள். சிரித்தார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

துடைக்கிறவர்கள் எத்தனை நாள் கழித்து வாயைத் திறப்பார்கள் என்று அந்த அதிகாரி கேட்கவில்லை — நல்லவேளை!