வெள்ளைக்காரக் கன்னித்தெய்வம்

பேத்தி போனில் ஒரு வெள்ளைக்காரியின் முகத்தைக் காட்டியதும் என் கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தக் காலத்து ஹாலிவுட் நடிகை, அம்மாயி. ஊமைப்படத்துல கொடிகட்டிப் பறந்தாளாம். படம் பேச ஆரம்பிச்சதும் சான்ஸ் போயிருச்சாம். மூணு கல்யாணம் வேற" என்று வாசித்தாள். எனக்கோ அந்த நடிகை அக்கா முறை.

நான் பிறக்குமுன்பே என் அக்கா ஒருத்தி, வயதுக்கு வராமலே, காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் பக்கம் அப்படிப் போன பெண்ணை வீட்டுக் கன்னித்தெய்வமாக்கி, தை மாதம் புதுப் பாவாடை வைத்துப் பொங்கலிடுவோம். அக்காவுக்குப் போட்டோ கிடையாது. சேலத்தில் சினிமா ஆபரேட்டராக இருந்த என் மாமன், அம்மா அழுவதைப் பார்க்க மாட்டாமல் ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார். "புள்ள உசுரோட இருந்திருந்தா இன்னைக்கி இப்பிடித்தான் இருப்பாக்கா" என்றார். முடிக்குக் கருப்பு மை, நெற்றியில் பெயிண்ட் பொட்டு. நிறத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தெய்வமானால் கொஞ்சம் வெளுத்துவிடுவார்கள்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எட்டு வயதில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று வந்தது. அப்பாவோடு முதலாட்டம் போனேன். திரையில் அக்கா வந்தாள். முழங்கால் தெரியும் பாவாடை, கையில் சிகரெட். நேராகப் போய் ஒருத்தன் மடியில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

"அப்பா, நம்மூட்டுக் கன்னித்தெய்வமுங்க."

மணலில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் திரும்பியது. எல்லாரும் எங்கள் வீட்டுப் பொங்கல் தின்றவர்கள்தான். "ஏனுங்க, வார தைக்கு உங்கூட்டுச் சாமிக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் வெச்சுப் படைச்சிருங்க" என்றார் பின்னாலிருந்த ஒருவர். அப்பா என்னைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தார்.  வழியெல்லாம் நான் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் படத்தைக் கழற்றப் போனார். "ஒரு கூத்தாடிச்சியவா இத்தன வருசமாக் கும்புட்டோம்? ஊரே சிரிக்குது."

அம்மா படத்தை மறைத்துச் சுவரோடு நின்றுகொண்டாள். "பெத்தவளுக்குத் தெரியாதுங்களா எம்புள்ள மூஞ்சி? அது பாட்டுக்கு இருக்கட்டுங்க."

அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். காதோரம் மெல்லக் கேட்டாள்:

"கடைசில அவளுக்குக் கல்யாணம் ஆச்சா சாமி?"

பாதியில் எழுந்து வந்த எனக்கு என்ன தெரியும்? ஊர் சிரித்த வெட்கத்திலேயே நான் செத்துக்கொண்டிருக்க, எவளோ ஒரு சினிமாக்காரிக்குக் கல்யாணம் ஆனால் என்ன, ஆகாவிட்டால் அம்மாவுக்கு என்ன என்று எரிச்சல்தான் வந்தது.