அம்மாவுக்குக் குமட்டிய சூப்பு

அம்மா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கு அம்மா என்றதும் முதலில் நினைவுக்கு வருவது, மாட்டிறைச்சி வாடை பட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்பதாகத்தான் இருக்கும். மகளாகிய நான் அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

அம்மா பிறந்தது ஆனைக்கரையில், ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில். வீட்டை ஒட்டியே மாடு அறுக்கும் கொட்டகை இருந்தது. மழை பெய்தால் இரத்தம் கலந்த தண்ணீர் வாசல் வழியாக ஓடும். குடலைக் கழுவிக் கொட்டிய குழியில் ஈ மொய்க்கும். அந்த நாற்றத்தின் நடுவில்தான் சோறு உண்ண வேண்டும். சிறுவயதில் பிடித்த அந்தக் குமட்டல், சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயம் முழுவதும் கறி கொதிக்கும்போது, அம்மா தேயிலைக் காட்டுப் பக்கம் போய் நிற்பார்கள்.

"வேதக்கார வீட்ல பொறந்துட்டு இதென்ன பவுசு?" என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் ஒருவர் வேண்டுமென்றே அம்மாவின் இலையில் ஒரு துண்டு கறியை வைத்துச் சிரித்தார். அம்மா இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். அந்தக் கறியைவிட அந்தச் சிரிப்பே எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

அப்பா இளவயதில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்காக வீட்டில் கறி கேட்டதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியதும் கஞ்சி, பால், முட்டை எதையும் தொடவில்லை. இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னத்த குடுத்தாலும் தள்ளுறீங்க. என்னதாங்க வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க" என்று அம்மா கேட்டார்கள்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். "சொன்னா நீ வைக்க மாட்ட. சிங்கப்பூர்ல சீனாக்காரன் மாட்டுக்கறியும் காயும் போட்டு ஒரு சூப்பு வைப்பான். அதக் குடிச்சா கொள்ளாம், நல்லாருக்கும்னு இருக்கு."

நான் வைக்கிறேன் என்றேன். "ஒனக்கு வேல இருக்கு. தெனமும் வருவியா? நானே வைக்கிறேன்" என்றார்கள் அம்மா.

மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பருகே நின்றார்கள். அப்பா கட்டிலிலிருந்தே செய்முறை சொன்னார்கள். எலும்போடு கறியைக் கொதிக்கவிட்டதும் சாம்பல் நிறத்தில் நுரை பொங்கியது. அதைக் கொட்டும்போது அம்மா பின்பக்கம் ஓடி ஓங்கரித்தார்கள். முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, புதுத் தண்ணீரில் இஞ்சியும் அன்னாசிப்பூவும் போட்டுச் சிறு தீயில் வேகவிட்டார்கள். கறி பஞ்சான பிறகு முள்ளங்கி, கேரட், முட்டைக்கோஸ், கடைசியில் சோயா சாஸும் மிளகுத்தூளும். உப்புப் பார்த்தவள் நான். வெந்த சவ்வு அட்டைப்பூச்சியைப் போல நாக்கில் வழுக்கியது. அன்று முதல் எனக்கும் மாட்டுக்கறி இறங்குவதில்லை.

அப்பா அரை டம்ளர் குடித்தார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். அப்பா எழுந்து நடமாடும்வரை அம்மா அந்தச் சூப்பை வைத்தார்கள்.

"இப்ப பழகிருச்சாம்மா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க பழகுது? ஒவ்வொரு தடவையும் கொடலப் பொரட்டத்தான் செய்யுது. அதுக்கென்ன? மனுசன் எந்திரிச்சு உக்காந்துட்டாருல்ல."

பின்னர் அம்மாவே மூச்சுத் திணறலில் படுத்தார்கள். அதிகம் வதைபடாமல், அப்பாவின் கையைப் பிடித்தபடியே கண் மூடினார்கள்.

வீடு தேடி வந்து கவனித்த பாலியேட்டிவ் (வலி தணிப்பு) செவிலியர்களுக்கும், ஜெபித்த பங்குத்தந்தைக்கும், கொட்டும் மழையில் பெட்டியை மேட்டுக் கல்லறைவரை தோளில் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம் அப்பாவுக்காக, வெறுப்பை அடக்கிக்கொண்டு நான் அந்தச் சூப்பை வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள்.

"ருசியில ஒரு கொறையும் இல்ல தாயீ. பக்கத்துல நின்னு மூஞ்சியச் சுளிக்கத்தான் ஆளில்ல."