பலகைக் கதவு

குருபோங் சந்தையில் இன்று ஒரு பெண் சேற்றில் வளரும் காங்கோங் கீரைக் கட்டை உதறினாள். அந்தச் சேற்று வாடையில், இப்போது வீடுகள் நெருங்கி நிற்கிற காஜா பேராங் சதுப்பு மறுபடி என் காலில் ஒட்டியது.

யாரும் இறங்காத அந்தச் சேற்றில் முதலில் மண்வெட்டி வைத்தவர் என் அப்பா. வரப்பு போட்டு, ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலுக்கு ஒரு பலகைக் கதவு செய்து, கடல் பொங்கும் நாட்களில் அதை அடைத்துவைப்பார். அடைக்காவிட்டால் ஆற்று வழியே உப்புத் தண்ணீர் ஏறிக் கீரை முழுக்கக் கருகிவிடும், எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நெஞ்சுச்சளியில் படுத்தவர் எழவில்லை. ஊரே கொடி பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில் கடல் பொங்கியது. அவரைத் தாங்கிப் பிடித்திருந்ததில் நாங்கள் கதவை மறந்துபோனோம்.

"கதவ அடச்சியாடி?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா ஒரு குவளையை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடினாள். அதில் பாத்தித் தண்ணீரை மொண்டு திரும்பியபோது கூடவே பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர், முழங்கால்வரை சேற்றோடு. தலைமுறைகளாக மலாயே பேசிவரும் செட்டி வம்சம், தமிழ் தெரியாதவர். "சுடா தூத்துப், பாங்," என்றார் மலாயில், அடைத்தாயிற்று அண்ணே என்று.

"இவன் சும்மா சொல்லுவான், கொண்டா," என்று அப்பா குவளைத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். முகத்தின் இறுக்கம் தளர்ந்தது.

"உப்பு இல்ல. நான் தூங்குறேன்."

காலையில் அவர் எழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை அம்மா முதலில் பாத்திக்குத்தான் கூட்டிப்போனாள். அங்கே கீரை பச்சையாக நின்றது.