பத்துமலையின் முதுகும் பப்பாளிப் பாலும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லாரிக்கு ரப்பர்க் கட்டு ஏற்றும் பத்துமலைக்கு 1984இல் முதுகு பிடித்துக்கொண்டது. இடது கால் சுண்டுவிரல் வரை சுள்ளென்று இழுத்தது. நிற்க முடிந்தது, படுக்க முடிந்தது. சம்மணம் போட மட்டும் முடியவில்லை. இரண்டு மாதத்தில் அவனுக்கும் நவமணிக்கும் கல்யாணம்! மணவறையில் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டாக வேண்டும்.

"நாற்காலி போட்டுக்கலாம்லா," என்றான் கூட்டாளி ஜெயபாலன்.

"நாற்காலியில உக்காந்து கணக்கெழுத நான் மாப்பிள்ளையா, ஆபீஸ் கிராணியா?"

ஈப்போவில் டாக்டர் தியாகராஜா படமெடுத்துப் பார்த்தார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டு பிதுங்கி, கால் நரம்பை அழுத்துகிறதாம்.

"கிழிக்கத் தேவையில்லை. ஊசியால வட்டுக்குள்ள மருந்து விட்டால் பிதுங்கினது கரைஞ்சு சுருங்கும். பப்பாளிப் பாலில இருந்து எடுத்த மருந்து. பப்பாளி உமக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

"தினமும் திங்கிறேன் டாக்டர்!"

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. அம்மா செல்லாயி முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் மரம் கீறிப் பால் வெட்டியவள்.

"கொல்லையில மூணு மரம் நிக்கிது. இதுக்கு ஈப்போவாடா?"

விடிந்ததும் பழைய உளியால் பச்சைக் காய்களில் கோடு கிழித்து, கீழே மங்குக் கிண்ணம் வைத்துப் பால் பிடித்துவிட்டாள். கிடாக் கறியையே பஞ்சாக்கும் பால், முதுகை விட்டுவிடுமா? பத்துமலை சந்தோஷமாகக் குப்புறப் படுத்தான்; அம்மா பாலை முதுகில் பூசினாள்.

கால் மணி நேரத்தில் வீடெல்லாம் குதித்தான். தோல் வெந்துவிட்டது.

"இந்த ஆட்டம் ஆடுறே, கால் வலி போச்சா மச்சான்?" என்றான் ஜெயபாலன்.

டாக்டர் தலையில் கைவைத்தார். "ஊசி போடுற இடத்திலயே கொப்புளமோ! ஆறட்டும். பப்பாளி ஒத்துக்கொள்ளாட்டி கத்திதான். அப்ப நீர் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேணும்."

ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, கையில் ஒரு சொட்டு மருந்தைக் குத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பத்துமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு கையையே பார்த்தான். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. மருந்து ஒத்துக்கொண்டது; முதுகில் இருந்தது வெறும் தோல் புண்தான்!

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. ஊசி இறங்கியது. சில நாள் முதுகு முறுக்கியெடுத்தது. அப்புறம் காலில் இருந்த இழுப்பு மெல்ல மெல்லக் கழன்றுகொண்டது.

முகூர்த்தத்தன்று தாலி கட்டியாயிற்று. ஐயர் எழுந்திருக்கச் சொன்னார். பத்துமலை அசையவில்லை.

நவமணி பதறிப்போனாள். "எந்திரிங்க. வலிக்குதா?"

"வலிக்கலை," என்றான் அவன், முகமெல்லாம் பல்லாக. "அதான் இன்னும் கொஞ்சம் உக்காந்துக்கிறேன்."