அக்கா தட்டிப் பார்க்காத படகு

என் அக்கா தட்டாத பொருள் உலகத்தில் இல்லை. சோபா வாங்கப் போனால் அதன் முதுகைத் தட்டுவாள். புது வீட்டுக்குக் கூப்பிட்டால் வாழ்த்துச் சொல்லும் முன்னே சுவரைத் தட்டுவாள். குற்றம் சொல்ல முடியாது, தொழில் அப்படி. பழைய பாய்மரப் படகு வாங்குகிறவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சின்னச் சுத்தியலால் படகின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தட்டி, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. படகுப் பட்டறையில் அவளுக்கு ‘டொக்டொக்’ என்றே பெயர். அங்கேயே பாய் தைக்கிற நான் ‘டொக்டொக் தம்பி’. எனக்கென்று ஒரு பட்டப்பெயர்கூட மிச்சம் வைக்கவில்லை மகராசி.

பழைய ஃபைபர் படகுகளில் இரண்டு வகை. ஒன்று முழுக்க ஃபைபர், விரல் தடிமனுக்குக் கெட்டியாக இருக்கும், கனமும் அதிகம். இன்னொன்று, இரண்டு மெல்லிய ஃபைபர் தோலுக்கு நடுவே லேசான மரக்கட்டைகளை அடுக்கியது. எடை குறைவு, வேகமாகப் போகும். ஆனால் ஒரே ஒரு திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்தால் போச்சு, நடுவில் இருக்கும் மரம் கூழாகிவிடும். வெளியே பளபளப்பு மட்டும் அப்படியே இருக்கும். “அது படகா, கிரீம் பன்னா?” என்பாள் அக்கா. அந்த வகையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

இப்படிப்பட்டவள் ஆறு வருடத்துக்கு முன் தனக்கென்று ஒரு படகு வாங்கினாள். பட்டறை மூலையில் கிடந்த, நாற்பது வயதை நெருங்கிய, பச்சை வயிற்றுக்காரி. கண்டதும் காதல். விற்றவர் “முழுக்கக் கெட்டி ஃபைபர்ங்க” என்றார். இவளும் தலையாட்டிவிட்டாள். ஒரு தட்டு? ஊஹூம். ஊரார் படகையெல்லாம் நோண்டியவள் தன் படகை விரலால்கூடச் சுண்டவில்லை. அத்தானும் அவளும் ஆறு வருடம் தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தார்கள். தேய்க்கும்போதெல்லாம் அவள் காதில் பாட்டு அலறும். படகு எதையாவது சொல்லி, அது காதில் விழுந்துவிடக் கூடாதாம்! பட்டறையே வாய்பொத்திச் சிரித்தது. கேட்டால், “தெரியும்டா, கெட்டிதான்” என்று எரிந்து விழுவாள்.

இந்த வருடம் வேலையை விட்டாள். அத்தானும் அச்சகத்து வேலையை விட்டார். ஒரு வருடம் கடலில் சுற்றுவதாகத் திட்டம். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, ஒன்றாம் தேதி ஆள் வருகிறார்கள். படகு கைவிட்டால் பயணமும் இல்லை, படுக்க இடமும் இல்லை. பாக்கி ஒரே வேலை, ஆழம் காட்டும் கருவியைப் பொருத்த அடிவயிற்றில் ஒரு ஓட்டை.

அக்காவேதான் போட்டாள். ரம்பத்தின் வாயிலிருந்து வட்டமாக ஒரு வில்லையைத் தள்ளி எடுத்தாள். இந்தப் பக்கம் மெல்லிய தோல், அந்தப் பக்கம் மெல்லிய தோல், நடுவில் மரம்.

“கிரீம் பன்னு” என்று சொல்லிவிட்டது என் வாய். அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. அக்காவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

வில்லையை முகர்ந்தாள். நகத்தால் கீறினாள். போதாமல் கடித்தே பார்த்தாள்.

“டேய், காஞ்சிருக்குடா! இத்தனை வருஷத்துல சொட்டு ஈரம் இல்ல! ஏங்க, காஞ்சிருக்குங்க!”

அத்தான் அதை வாங்கித் தாமும் கடித்தார். எதற்கு என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு அக்காவுக்குப் பிடித்தது பைத்தியம். சுத்தியலோடு படகின் மூக்கிலிருந்து தொடங்கினாள். பெயிண்டர், கிரேன்காரர், வழி கேட்க வந்த யாரோ ஒருவர் என்று பத்துப் பேர் பின்னாலேயே நடந்தோம். ‘டிங்’ என்றால் உள்ளே மரம் காய்ந்திருக்கிறது. அது கேட்கும்போதெல்லாம் கைதட்டல், கிரேன்காரரின் விசில். மூன்று மணி நேரம் ஒரே டிங். கடைசியில், பின்பக்கம் ஏணி மாட்டிய இடத்தில் ‘தொப்’ என்றது. கிரேன்காரரின் விசில் பாதியில் நின்றது.

உள்ளங்கை அகலம்தான். வெட்டித் திறந்தால் உள்ளே ஈரக் கூழ். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் பக்கத்தில் குந்தினார். “வேற யாரோட படகா இருந்தா என்ன எழுதியிருப்ப?”

“வாங்காதீங்கன்னு.”

“இப்ப?”

“இப்ப என்ன எழுதுறது? அதான் வாங்கித் தொலைச்சுட்டேனே!” என்று சிரிக்கத் தொடங்கியவளுக்குச் சிரித்துச் சிரித்தே கண்ணீர் வந்துவிட்டது. “பயந்துட்டேங்க. அன்னைக்கே தட்டியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். இவளை விட்டுட்டுப் போக மனசு வரல.”

கூழைச் சுரண்டி, காயவைத்து, ரெசின் பசை ஊற்றி அடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். தரையில் முட்டுக்கொடுத்து நின்ற படகிலேயே இரண்டு பேரும் குடித்தனம் நடத்தினார்கள். அக்கா தினமும் ராணி மாதிரி மேலிருந்து எங்களுக்குக் கையசைத்தாள்.

பத்தாம் நாள் கிரேன் படகைத் தண்ணீரில் இறக்கியது. அக்கா உள்ளே போய் எல்லா ஓட்டையையும் தடவிப் பார்த்து, “சொட்டு இல்லடா!” என்று கூவினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரையில் நின்று நானும் கூவினேன்.

“கத்துனது போதும், கயித்த அவுத்து விடு!”

முடிச்சு லேசானதுதான். எனக்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது.